மதுரையா, திருச்சியா? பூ விவசாயிக்கு எந்த விமான நிலையம் பக்கம்?

சென்னைக்குப் போகும்போதெல்லாம் காலை ஆறரை மணிக்கு மயிலாப்பூர் தெற்கு மாட வீதியில் பூ வாங்குவது எனக்கு வழக்கம். என் தமக்கையின் வீடு பக்கத்துத் தெருவில் இருக்கிறது. சென்ற முறை போனபோது, ஈரத் துணி விரித்த கூடையில் மல்லிகை மொட்டைக் குவித்து வைத்திருந்த அம்மாளிடம், "இது எந்த ஊர்ப் பூ?" என்று கேட்டேன்.

"மதுரைப் பூ சார். ராத்திரி பஸ்ஸுல ஐஸ் பெட்டியில வந்தது. விடிகாலை கோயம்பேட்டுல எடுத்தேன். ஐஸ் பூ, பத்து மணிக்குள்ள வித்துடணும். அதுக்கப்புறம் நிறம் மாறிடும்" என்றார்.

பக்கத்தில் இன்னொரு கூடை இருந்தது. அது திருவள்ளூர்ப் பக்கத்துத் தோட்டத்தில் அன்று விடிகாலை பறித்த பூ. சாயங்காலம் வரை தாங்கும் என்பதால் நூறு கிராமுக்குப் பத்து ரூபாய் கூடச் சொன்னார். மணத்திலும் மொட்டின் கனத்திலும் மதுரைப் பூதான் மேல் என்று அந்த அம்மாளே ஒப்புக்கொண்டார். ஆனாலும் விலை குறைவு. காரணம், வழியில் கழிந்த நேரம்.

அன்று மாலையே நிலக்கோட்டைப் பக்கத்திலிருந்து எனக்குத் தெரிந்த ஒரு மல்லிகை விவசாயி தொலைபேசியில் பேசினார். ஒன்றரை ஏக்கரில் குண்டுமல்லி வைத்திருப்பவர். "ஐயா, மதுரையிலிருந்து மெட்ராசுக்கு விமானம் ஒண்ணேகால் மணி நேரம்தான்னு சொல்றாங்க. காலையில பறிச்ச பூவை அதுல போட்டா மத்தியானமே மயிலாப்பூர்லயும் தி.நகர்லயும் வித்துடலாமே? இன்னொண்ணு, சிங்கப்பூருக்கு அனுப்பற ஏஜெண்ட் ஒருத்தர் பூவைத் திருச்சிக்குக் கொண்டா என்கிறார். மதுரை ஏர்போர்ட் எனக்குப் பக்கத்துல இருக்க, நான் ஏன் திருச்சிக்குப் போகணும்?" என்று கேட்டார்.

இரண்டும் நியாயமான கேள்விகள். இதே சந்தேகம் முருங்கை, கறிவேப்பிலை, சின்ன வெங்காயம் பயிரிடும் பலருக்கும் உண்டு. அவருக்குச் சொன்ன பதிலைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

மொட்டுக்கு உள்ள கெடு

தூரத்தைப் பேசுமுன் பூவைப் பற்றிப் பேச வேண்டும். குண்டுமல்லி மொட்டு முழு வளர்ச்சி அடைந்து, வெள்ளை நிறம் ஏறிய பின் விடிகாலையில் பறிக்கப்படுகிறது. பறித்த மொட்டு அன்று மாலை ஆறு மணியிலிருந்து எட்டு மணிக்குள் தானாக மலர்ந்துவிடும். செடியில் இருந்தாலும் கூடையில் இருந்தாலும் அதன் கெடு ஏறக்குறைய அதுதான். ஆக, விடிகாலை ஐந்து மணிக்குக் கிள்ளிய மொட்டுக்குச் சாதாரண வெப்பத்தில் சுமார் பதின்மூன்று மணி நேரம் இருக்கிறது. அதற்குள் அது தொடுப்பவர் கைக்குப் போய்விட வேண்டும். மலர்ந்த பூவைச் சரம் தொடுக்க யாரும் வாங்குவதில்லை. அது வாசனைத் தொழிற்சாலைக்குத்தான், அதுவும் அவர்கள் சொல்லும் விலைக்குத்தான்.

குளிர் இந்தக் கெடுவைத் தள்ளிப்போடும். ஆனால் குளிர்ச்சி விட்டுப்போன பின் பூ சீக்கிரம் பழுப்பாகிவிடும். மயிலாப்பூர் அம்மாள் "பத்து மணிக்குள்ள" என்றது இதைத்தான். மொட்டைப் பறித்தவுடன் குளிர வைத்து, அந்தக் குளிர் விட்டுப்போகாமல் கடைசி வரை கொண்டு சேர்த்தால் ஒரு நாள், ஒன்றரை நாள் கூடக் கிடைக்கும். நடுவில் இரண்டு மணி நேரம் வெயிலில் கிடந்தால் வைத்த ஐஸ் வீண்.

ஒரு கிலோ குண்டுமல்லியில் ஏறக்குறைய நாலாயிரம் மொட்டு இருக்கும். அத்தனையும் ஒவ்வொன்றாகக் கையால் கிள்ளியது. பூ விற்றாலும் விற்காவிட்டாலும் எடுப்புக் கூலி கொடுத்தே ஆக வேண்டும். ஆகவே பூ வீணானால் விவசாயிக்கு லாபம் போவதோடு நிற்பதில்லை, கைக்காசும் போகிறது.

சென்னைக்கு விமானத்தில் பூ

மதுரை விமான நிலையத்துக்கும் சென்னை மீனம்பாக்கத்துக்கும் இடையே ஆகாய மார்க்கத்தில் சுமார் 420 கிலோமீட்டர். சாலை வழியில் சுமார் 450 கிலோமீட்டருக்கு மேல் ஆகும். விமானம் ஒன்றேகால் மணி நேரத்தில் போய்விடும் என்பது உண்மைதான். ஆனால் அந்த ஒன்றேகால் மணி நேரம் விமானத்துக்கு, பூவுக்கு அல்ல.

பூவின் கணக்கு வேறு. நிலக்கோட்டை விவசாயிக்காக நான் எழுதிக் காட்டியது இது. நாலு மணியிலிருந்து ஏழு மணி வரை பறிப்பு. எட்டு மணிக்குள் தரம் பிரித்துப் பெட்டியில் கட்டியாயிற்று என்று வைத்துக்கொள்வோம். நிலக்கோட்டையிலிருந்து மதுரை விமான நிலையம் 55 கிலோமீட்டர் அளவில் இருக்கிறது. வேனில் ஒன்றரை மணி நேரம். ஒன்பதரை. சரக்குப் பிரிவில் எடை போட்டு, ரசீது எழுதி, பெட்டியைச் சோதனை செய்து ஒப்படைக்க வேண்டும். விமானம் புறப்படுவதற்குச் சில மணி நேரம் முன்பே சரக்கை வாங்குவதை நிறுத்திவிடுவார்கள். எனவே பகல் பன்னிரண்டரை மணி விமானம் கிடைத்தால் நல்ல அதிர்ஷ்டம். ஒன்றே முக்காலுக்கு மீனம்பாக்கம். அங்கே சரக்கு இறங்கி, ஆள் கையெழுத்துப் போட்டு வெளியே வர மூன்று மணி ஆகிவிடும். அதன்பின் நகரம்.

மீனம்பாக்கத்திலிருந்து மயிலாப்பூர் பதினைந்து கிலோமீட்டர் அளவுதான். தியாகராய நகரும் அடையாறும் அதைவிடக் கொஞ்சம் பக்கம். விடிகாலையில் அரை மணி நேரத்தில் போய்விடலாம். மாலை நாலு மணிக்கு மேல் கிண்டி கத்திப்பாராவைத் தாண்டி, மெட்ரோ ரயில் இரண்டாம் கட்ட வேலைக்காகத் தடுப்பு வைத்த சாலைகளைச் சுற்றிக்கொண்டு பாண்டி பஜாருக்கோ லஸ் முனைக்கோ போய்ச் சேர ஒரு மணி நேரம் சாதாரணம். மதுரையிலிருந்து மீனம்பாக்கத்துக்கு 420 கிலோமீட்டர் பறந்து வந்த நேரமும், அங்கிருந்து மாட வீதிக்குப் பதினைந்து கிலோமீட்டர் ஊர்ந்து வந்த நேரமும் சில நாள் ஒன்றாகவே ஆகிவிடும். 2016 முதல் விமான நிலையத்துக்கு மெட்ரோ ரயில் வருகிறது. ஆனால் அது பயணிகளுக்கு, பூப்பெட்டிக்கு அல்ல.

ஆக நாலரை, ஐந்து மணிக்குப் பூ கடைக்கு வருகிறது. ஒரு மணி நேரத்தில் மொட்டு வாய் திறக்கத் தொடங்கும். வெள்ளிக்கிழமை மாலை என்றால் கோயில் வாசலில் விற்றுவிடலாம். மற்ற நாளில் தொடுப்பதற்கே நேரம் போதாது. மீதிப் பூ மறுநாள் காலைக்கு உதவாது. இதுதான் அவர் சொன்ன "மத்தியானம்".

இரவில் புறப்படும் பஸ்ஸும் பாண்டியன் எக்ஸ்பிரசும் விடியலில் சென்னை சேர்கின்றன. விமானத்தைவிட அரை நாள் பின்தங்கினாலும், சந்தை கூடும் நேரத்தில் அவை போய்விடுகின்றன. ரயிலில் இன்னொரு சௌகரியமும் உண்டு. எழும்பூரிலிருந்து மயிலாப்பூர் ஆறு கிலோமீட்டர் அளவுதான். மீனம்பாக்கத்திலிருந்து வருவதில் பாதிக்கும் குறைவு. 1977 ஆகஸ்ட் 15-ல் வைகை எக்ஸ்பிரஸ் ஓடத் தொடங்கியபோது பகலிலேயே மதுரையிலிருந்து சென்னை போய்விடலாம் என்பது பெரிய செய்தியாக இருந்தது. 2019 மார்ச்சில் வந்த தேஜஸ் ஆறரை மணி நேரத்தில் போகிறது. விமானத்தில் போகும் பூவுக்கு வாசலிலிருந்து வாசல் வரை ஒன்பது மணி நேரம் ஆகிறது என்பதை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

வாடகைக் கணக்கில் ஒரு சூட்சுமம்

விமானச் சரக்கில் எடைக்கு மட்டும் வாடகை இல்லை. பெட்டி அடைக்கும் இடத்துக்கும் எடை கட்டுவார்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் அளந்து பெருக்கி, 6000-ஆல் வகுத்தால் வருவது பருமன் எடை. உண்மை எடை, பருமன் எடை இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் வாடகை. மல்லிகை இலேசான சரக்கு; அழுத்தி அடைக்கவும் கூடாது. எனவே நமக்கு எப்போதும் பருமன் எடைதான் விழும்.

உதாரணமாக 60 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம், 40 செ.மீ. உயரம் உள்ள தெர்மோகோல் பெட்டியை எடுத்துக்கொள்வோம். பெருக்கினால் 1,08,000. அதை 6000-ஆல் வகுத்தால் 18 கிலோ. அந்தப் பெட்டியில் 12 கிலோ பூ வைத்தாலும் 18 கிலோவுக்குப் பணம் கட்ட வேண்டும். கிலோ வாடகை 30 ரூபாய் என்று ஒரு கணக்குக்காக வைத்தால் பெட்டிக்கு 540 ரூபாய். பூ கிலோவுக்கு 45 ரூபாய் விழுகிறது. பெட்டி விலை, ஐஸ், வேன் வாடகை, இரண்டு முனையிலும் ஆள் கூலி எல்லாம் இதற்கு மேல்.

பங்குனி, சித்திரையில் வரத்து பெருகி விலை சரியும் நாளில் இந்தச் செலவு பூ விலையையே தின்றுவிடும். மார்கழி, தை மாதங்களில் பனியால் வரத்துக் குறைந்து, முகூர்த்த நாளில் விலை ஆயிரக்கணக்கில் ஏறும்போது 45 ரூபாய் பெரிதில்லை. அப்போதும் காலை முதல் விமானத்தைப் பிடிக்க முடிந்தால்தான் பலன். அதற்கு இரவு இரண்டு, மூன்று மணிக்கே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பறிக்க வேண்டும். நம் பகுதியில் சிலர் அப்படித்தான் செய்கிறார்கள். பாம்பு பயம் உண்டு. முழங்கால் வரை பூட்ஸ் இல்லாமல் பெண்களைத் தோட்டத்தில் இறக்காதீர்கள் என்று சேர்த்தே சொல்லி வைக்கிறேன்.

இன்னொரு ஆபத்தையும் மறைக்கக்கூடாது. பன்னிரண்டு, பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன் ஐந்து விவசாயிகள் சேர்ந்து ஒரு தை முகூர்த்தத்துக்குச் சென்னைக்கு விமானத்தில் பூ அனுப்பினார்கள். யோசனை சொன்னவன் நான். பெட்டிகளைச் சரியான நேரத்தில் ஒப்படைத்தோம். அன்று பெரிய விமானத்துக்குப் பதில் சிறிய விமானம் வந்தது. நம் பூ ஏறுவது பயணிகள் விமானத்தின் அடித்தளத்தில், பயணிகளின் பெட்டிகள் போக மிஞ்சும் இடத்தில். சிறிய விமானத்தில் அந்த இடம் மிகக் குறைவு. பயணிகளின் பெட்டி ஏறியது. பூப்பெட்டி தரையில் நின்றது. இரவு விமானத்தில் போய்ச் சேர்ந்தபோது பெட்டிக்குள்ளேயே பூ மலர்ந்து, அடித்தட்டு பழுத்துவிட்டது. வாங்குவதாகச் சொன்ன வியாபாரி பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுத் திரும்பக் கட்டிவிட்டார். யாரிடமும் நஷ்ட ஈடு கேட்க முடியவில்லை. ரசீதின் பின்பக்கம் பொடி எழுத்தில் எல்லாம் முன்கூட்டியே அச்சடித்திருந்தது. அதை நான் படிக்காதது என் தவறு. ஐவரில் ஒருவர் எடுப்புக் கூலி கொடுக்க மனைவியின் வளையலை அடகு வைத்தார் என்று பிறகுதான் தெரிந்தது. அதிலிருந்து ரசீதின் பின்பக்கத்தைப் படிக்காமல் யாருக்கும் யோசனை சொல்வதில்லை.

திருச்சி ஏன் பக்கம்?

இரண்டாவது கேள்விக்கு வருவோம். மதுரை, திருச்சி விமான நிலையங்களுக்கு இடையே ஆகாய மார்க்கத்தில் சுமார் 124 கிலோமீட்டர். மேலூர், துவரங்குறிச்சி, விராலிமலை வழியாகச் சாலையில் 140 கிலோமீட்டர் அளவு; நாலு வழிச் சாலையில் இரண்டேகால் மணி நேரம். நிலக்கோட்டைக்காரருக்கு மதுரை விமான நிலையம் ஒன்றரை மணி நேரம். திண்டுக்கல், மணப்பாறை வழியாகத் திருச்சி விமான நிலையம் 130 கிலோமீட்டர் அளவு. இரண்டரை முதல் மூன்று மணி நேரம். சாலையில் பார்த்தால் மதுரைதான் பக்கம். இதில் சந்தேகமில்லை.

ஆனால் விமான நிலையம் என்பது பஸ் நிலையம் மாதிரிதான். பக்கத்தில் நிலையம் இருந்து என்ன, நமக்கு வேண்டிய ஊருக்கு வண்டி இருக்க வேண்டும். மதுரையிலிருந்து வெளிநாட்டு விமானம் 2012-ல்தான் தொடங்கியது. கொழும்பு, துபாய் போன்ற சில ஊர்களுக்கே அது போகிறது. திருச்சியிலிருந்து சிங்கப்பூர், கோலாலம்பூர், கொழும்பு, வளைகுடா ஊர்கள் என்று பல பக்கமும் விமானங்கள் உண்டு. அவற்றில் பல இரவு நேரத்தில் புறப்படுபவை. 2024 ஜனவரியில் அங்கே புதிய பயணிகள் முனையமும் திறக்கப்பட்டது. காய்கறி, பூ, பழம் என்று அழுகும் பொருளே அதிகம் ஏறுமதியாகும் நிலையம் என்பதால், அங்குள்ள சரக்கு ஏஜெண்டுகளுக்கும் இந்த வேலை பழகிப்போயிருக்கிறது.

இரவு விமானத்தின் அருமை மல்லிகைக்காரருக்குத்தான் தெரியும். காலை பதினொரு மணிக்கு நிலக்கோட்டையில் புறப்பட்ட பெட்டி இரண்டு மணிக்குத் திருச்சி. சோதனை, சான்று, சுங்கம் எல்லாம் முடிய மாலையாகும். இரவு புறப்பட்டு, நாலு மணி நேரத்துக்குச் சற்று மேலாகப் பறந்தால், அவர்கள் ஊர்க் கடிகாரப்படி விடிகாலையில் சிங்கப்பூர். செராங்கூன் சாலையில் கடை திறக்கும் நேரத்துக்குப் பூ கைக்கு வந்துவிடும். பறித்ததிலிருந்து இருபத்துநாலு மணி நேரம் ஆகியிருக்கும். குளிர் விடாமல் பார்த்துக்கொண்டால் மொட்டு அதைத் தாங்கும். அதே பூ மதுரை வழியாகப் போய், நடுவில் ஓர் ஊரில் இறங்கி, வேறு விமானம் மாறினால் பல மணி நேரம் கூடும். இறங்கி ஏறும் இடத்தில் குளிர் அறை இல்லாவிட்டால் கதை முடிந்தது. ஆகவே வேனில் ஒன்றரை மணி நேரம் கூடச் செலவழித்துத் திருச்சிக்குப் போவது, மொத்தக் கணக்கில் நேரத்தை மிச்சப்படுத்துகிறது. ஏஜெண்ட் சொன்னது சரி.

விமான நிலையம் இடம் மாறினால் பூக்காரருக்கு என்ன ஆகும் என்பதற்கு ஓசூர் ஓர் உதாரணம். 2008 மே மாதம் பெங்களூரின் பழைய எச்.ஏ.எல். விமான நிலையத்திலிருந்த பயணிகள் விமானப் போக்குவரத்து, நகரத்துக்கு வடக்கே தேவனஹள்ளிக்கு மாறியது. பழைய நிலையம் ஓசூர்ப் பக்கம் இருந்தது. புதியது பெங்களூரின் மறுகோடியில், ஊரையே கடந்து போக வேண்டிய இடத்தில். ஓசூர் ரோஜாவுக்குச் சாலைத் தூரம் ஏறக்குறைய இரு மடங்காகிவிட்டது. குளிர்வண்டி வைத்திருந்த பெரிய பண்ணைகள் இதைச் சமாளித்தன. ஆனால் அட்டைப் பெட்டியில் கட்டி வாடகை வேனில் அனுப்பிய சிறு விவசாயிக்கு அது உறுத்தலான தூரம்தான். சத்தியமங்கலத்துக்காரர்கள் இந்த விஷயத்தில் கொடுத்து வைத்தவர்கள். கோயம்புத்தூர் விமான நிலையம் 60 கிலோமீட்டர் அளவில் இருக்கிறது; அங்கிருந்து மும்பை, டில்லி, ஐதராபாத் என்று நேர் விமானங்களும் இருக்கின்றன. அவர்கள் மல்லிகை அன்றாடம் அப்படிப் போகிறது. கென்யா நாட்டின் நைவாஷா ஏரிக்கரையில் விளையும் ரோஜாவும் நைரோபி விமான நிலையத்துக்குச் சுமார் 100 கிலோமீட்டர் சாலையில்தான் வருகிறது. ஆனால் பறித்த வயலிலேயே குளிர் அறை, அங்கிருந்து குளிர்வண்டி. எனவே அவர்களுக்குச் சாலை நீளமாகத் தெரிவதில்லை.

சென்னைக்கு இரண்டாவது விமான நிலையம் பரந்தூரில் என்று 2022-ல் அறிவித்தார்கள். அங்கே நிலம் கொடுக்க மறுத்து நிற்கும் விவசாயிகளின் வழக்கு தனியாக எழுத வேண்டியது. இங்கே ஒன்று மட்டும் சொல்கிறேன். ஒரு நிலையத்தில் இறங்கி இன்னொரு நிலையத்தில் ஏற வேண்டிய சரக்காக நம் பூ என்றைக்கும் ஆகிவிடக்கூடாது. அந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள சாலையில் மல்லிகை செத்துவிடும்.

அனுப்புமுன் கேட்க வேண்டியவை

வெளிநாட்டுக்கு நேரடியாகப் பெட்டி போட்டுவிடலாம் என்று யாரும் எண்ண வேண்டாம். ஏற்றுமதியாளர் குறியீட்டு எண்ணும், அபேடா நிறுவனத்தின் பதிவும் உள்ளவர் பெயரில்தான் சரக்குப் போகும். மத்திய அரசின் தாவரத் தடுப்புக் காப்பு அதிகாரிகள் பூவைச் சோதித்துத் தாவரச் சுகாதாரச் சான்று தர வேண்டும். பெட்டியில் உயிருள்ள மொட்டுப் புழு ஒன்று நெளிந்தாலும் அந்தச் சரக்கை மறுத்துவிடலாம். பதினைந்து நாள் முன்பே தோட்டத்தில் புழுவைக் கவனிக்காமல், பெட்டி கட்டும்போது தேடுவதில் பயனில்லை. பூச்சி மருந்து அடித்தால் எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்பதைப் புட்டியின் மேல் எழுதியிருப்பார்கள். அந்த நாள் கணக்கைத் தவறாமல் கடைப்பிடிக்க வேண்டும்.

ஏஜெண்டிடம் கிலோ என்ன விலை என்று மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். எந்த விமானம், எத்தனை மணிக்கு, நேராகப் போகிறதா என்று கேளுங்கள். சரக்கை எத்தனை மணி வரை வாங்குவார்கள், அதுவரை பெட்டி குளிர் அறையில் இருக்குமா, கொட்டகையில் இருக்குமா என்று கேளுங்கள். விமானத்தில் இடம் இல்லை என்று இறக்கிவிட்டால் நஷ்டம் யாருடையது என்பதை எழுத்தில் வாங்குங்கள். வாய்ப் பேச்சு வேண்டாம். பருமன் எடைக்கு யார் பணம் கட்டுவது என்பதையும் முதலிலேயே தீர்த்துக்கொள்ளுங்கள். இதில்தான் பிறகு மனக்கசப்பு வருகிறது.

பறிப்பிலும் கவனம் வேண்டும். பனி ஈரம் சொட்டும் மொட்டைப் பெட்டியில் போட்டால் பழுக்கும். நிழலில் பரப்பி ஈரம் உலர்த்திய பிறகு கட்ட வேண்டும். ஒரு மலர்ந்த பூ கூடக் கலக்கக்கூடாது. பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டினால் மொட்டு விடும் மூச்சின் சூட்டிலேயே அது வெந்துவிடும். ஏற்றுமதிப் பூவுக்குப் போரிக் அமிலக் கரைசல் நேர்த்தி செய்து, உள்ளே அலுமினியத் தாள் போட்ட தெர்மோகோல் பெட்டியில் ஜெல் ஐஸ் வைத்துக் கட்டும் முறையைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கிறது. இதை ஏற்றுமதியாளரின் கொட்டகையில் செய்வதே சரி. அளவு தெரியாமல் வீட்டில் செய்து பார்க்க வேண்டாம். மதுரை மல்லிக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. பெட்டியின் மேல் அந்தப் பெயரைப் போடும் உரிமை குறித்து உங்கள் பகுதி சங்கத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஒன்றரை ஏக்கர்க்காரர் தனியாக வேன் பிடித்துத் திருச்சி போவது கட்டுப்படியாகாது. எட்டுப் பத்துப் பேர் சேர்ந்து, உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் இருந்தால் அதன் மூலம், ஒரே வேனில் அனுப்ப வேண்டும். பத்துப் பேரும் ஒரே நேரத்தில் பூ கொண்டுவர வேண்டும் என்பதுதான் இதில் கஷ்டம். ஒருவர் ஒரு மணி நேரம் தாமதித்தால் பத்துப் பேரின் பூவும் ஒரு மணி நேரம் வயதாகிறது.

கடைசியாக நிலக்கோட்டை விவசாயியிடம் ஒரு வேலை சொன்னேன். ஒரு வாரம், தினமும், பறிக்கத் தொடங்கிய நேரம், முடித்த நேரம், மண்டிக்கு வந்த நேரம், எடை போட்ட நேரம், வண்டி ஏறிய நேரம் ஆகியவற்றை நோட்டில் எழுதச் சொன்னேன். மகள் பத்தாம் வகுப்புப் படிக்கிறாள், அவள்தான் எழுதிவைத்தாள். பத்து நாள் கழித்து அந்த நோட்டை எனக்குக் காட்டினார்.

ஏழு மணிக்குப் பறித்து முடித்த பூ ஏழரைக்கு மண்டிக்கு வந்துவிடுகிறது. எடை போட்டு, விலை பேசி, பெட்டி கட்டி வண்டி ஏறும்போது மணி பதினொன்று. இரண்டு நாள் பதினொன்றரை. மூன்றரை மணி நேரம், தகரக் கூரையின் கீழ், சாக்கின் மேல். மதுரை விமான நிலையத்திலிருந்து திருச்சி விமான நிலையத்துக்குப் போகும் நேரத்தைவிட அது ஒரு மணி நேரத்துக்கு மேல் அதிகம். அந்த நேரம் முழுவதும் பூ ஊரை விட்டு நகரவே இல்லை.

"ஐயா, நான் ரெண்டு ஏர்போர்ட்டுக்கு நடுவுல தூரத்தைத் தேடிக்கிட்டிருந்தேன்" என்றார். அவரும் பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் ஆறு பேரும் சேர்ந்து, தோட்டத்து ஓரத்தில் தென்னை ஓலைக் கொட்டகை ஒன்று போட்டு, அங்கேயே தரம் பிரித்துப் பெட்டி கட்டி, மண்டிக்குப் போகாமல் எட்டரை மணிக்கு வேனை நேரே திருச்சிக்கு விடுவதாக முடிவு செய்திருக்கிறார்கள். மாசியில் வரத்து கூடியதும் முதலில் இரண்டு பெட்டி மட்டும் அனுப்பிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். ரசீதின் பின்பக்கத்தை இந்த முறை நானே படித்துவிட்டேன்.